எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்

அண்ணனின் ரத்தத்தை நான்தான் எடுத்தேன். 2008 ஐப்பசி மாதம். டி.எம்.எல்.டி. முடித்துத் திருச்சியில் ஒரு லேப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் சீட்டில் தைராய்டு, பி12, சர்க்கரை, விடிஆர்எல் என்று எழுதி, கீழே தலைக்கு சிடி ஸ்கேன் என்றும் எழுதியிருந்தார். தைராய்டு ரொம்பக் குறைந்தாலும் பி12 இறங்கினாலும் ஆள் மாறிப் பேசலாம், இல்லாத சத்தம் கேட்கலாம் என்று படித்திருந்தேன். அதனால் ஏதாவது ஒன்று கூடியோ குறைந்தோ வந்துவிட வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டேதான் மெஷினில் ஏற்றினேன். ரிப்போர்ட்டில் ஒரு எண்கூடத் தடித்த எழுத்தில் வரவில்லை.

டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லது. உடம்புல ஒண்ணும் இல்லை. அப்ப இது மனசு சம்பந்தப்பட்டதுதான்."

எங்கள் லேப்புக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு எண் தப்பாக இருந்தால் நோய். அண்ணனுக்கு எல்லா எண்ணும் சரியாக இருந்ததால் நோய். அன்றைக்கு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போதே இது எனக்கு உறுத்தியது. பக்கத்து சீட்டில் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான்.

அவனுக்கு அப்போது வயது 23. துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். முதலில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தான். பிறகு மெஷின் சத்தத்துக்குள் சூப்பர்வைசர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் வேலையை விட்டான். வீட்டு டிவியைப் போர்வை போட்டு மூடினான். ராத்திரியில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு காதைப் பொத்தினான்.

இதற்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அத்தை காத்து கருப்பு என்றார். மாமா, வேலைக்குப் போகப் பிடிக்காத சோம்பேறித்தனம், ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார். தெருவில் வழக்கம்போல "கீழ்ப்பாக்கம் கேஸ்". இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதி, தமிழில் மனச்சிதைவு என்று விளக்கினார். அம்மாவுக்கு அந்த ஆங்கிலச் சொல் எதுவும் செய்யவில்லை, தமிழ்ச் சொல்தான் அடித்துப் போட்டது. "சிதைஞ்சு போச்சுன்னா மறுபடி சேராதா பாப்பா?" என்று என்னைக் கேட்டார். சொல்லை ஆக்கியவர்கள் அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். (இதில் வேடிக்கை, காத்து கருப்பு என்று சொன்ன அதே அத்தை காலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடும்போது சிவனைப் பித்தா என்று உருகிக் கூப்பிடுவார். சுந்தரர் கூப்பிட்டால் அது பாட்டு. என் அண்ணன் மட்டும் கிறுக்கன்.)

பெயர் எதுவாக இருந்தால் என்ன, ஆள் குணமானால் சரி என்று அப்போது நினைத்தேன். தப்பு. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு கூட்டத்துக்கு அவன்மேல் அதிகாரம் கொடுத்தது. காத்து கருப்பு என்றால் வேப்பிலையோடு வருகிறவருக்கு. சோம்பேறி என்றால் மாமாவின் கைக்கு. அவர் இரண்டு முறை அடித்தே இருக்கிறார். நோய் என்றால் டாக்டருக்கு, மாத்திரைக்கு, பிறகு எனக்கு. இவற்றில் எந்தப் பெயரும் அவனைக் கேட்டு வைத்ததில்லை.

அம்மா முதலில் போனது குணசீலம் பெருமாள் கோவிலுக்கு. எங்கள் ஊருக்குப் பக்கம். மனம் சரியில்லாதவர்களை ஒரு மண்டலம், 48 நாள், அங்கே தங்க வைப்பது காலங்காலமாக உள்ள வழக்கம். உச்சிக்கால பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். ஏர்வாடி என்று ஒருவர் சொன்னபோது அம்மா வாயைப் பொத்தி அழுதார். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததை எங்கள் வீட்டில் யாரும் மறந்திருக்கவில்லை.

குணசீலத்தில் அண்ணன் மாத்திரையும் போட்டான், தீர்த்தமும் வாங்கினான். 48 நாள் கழித்துத் தூக்கம் வந்தது, சாப்பிட்டான். அத்தை பெருமாள் என்றார். நான் ரிஸ்பெரிடோன் மாத்திரை என்றேன். ரொம்ப நாள் கழித்து அவனிடமே கேட்டேன். "அங்க யாரும் என்னை ஏன் இப்படி இருக்கேன்னு கேக்கலை பாப்பா. எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க" என்றான். எங்கள் இரண்டு விடையிலும் இது இல்லை.

பிறகு வந்த தப்புகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இதே தப்பைச் செய்யும் வீடுகளை வாரத்துக்கு ஒன்றாவது லேப்பில் பார்க்கிறேன்.

முதல் தப்பு ரசம். கொஞ்சம் தெளிந்ததும் மாத்திரை வேண்டாம் என்றான். வாயில் எச்சில் ஒழுகியது, கை நடுங்கியது, ஆறு மாதத்தில் 14 கிலோ கூடியிருந்தான். அவன் சொன்ன எதுவும் பொய்யில்லை. நாங்கள் அதைக் காதில் வாங்காமல் மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்தோம். யோசனை என்னுடையது. நாலாவது மாதம் அடியில் வெள்ளையாகத் தங்கியதைப் பார்த்துவிட்டான். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று அவன் பட்டறையில் சொன்னபோது அது நோயின் அறிகுறி. வீட்டில் சொன்னபோது அது உண்மை. அதற்குப் பிறகு 11 நாள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடையில் பன்னும் டீயும்தான். ரசத்தை இன்றுவரை அவன் தொடுவதில்லை. உங்கள் வீட்டில் மாத்திரை மறுக்கிறவர் இருந்தால் தயவுசெய்து கலக்காதீர்கள். என்ன பக்கவிளைவுக்காக மறுக்கிறார் என்று கேட்டு, அதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி டாக்டரிடம் கொடுங்கள். எச்சில் ஒழுகுவதற்கும் நடுக்கத்துக்கும் செய்யக்கூடியது இருக்கிறது, மருந்தையே மாற்றவும் வழி இருக்கிறது. எங்களுக்கு அது தெரிய நாலு வருஷம் ஆனது.

இரண்டாவது தப்பு 2012-ல். ஒருநாள் மாமாவின் பைக் சாவியைக் கிணற்றில் எறிந்துவிட்டான். அதில் ஒலிவாங்கி இருக்கிறதாம். மாமா ஒரு தனியார் இடத்துக்கு போன் செய்தார். வேனில் மூன்று பேர் வந்தார்கள். தெருவே பார்க்க அவனை மடக்கி ஊசி போட்டுத் தூக்கிப் போனார்கள். அட்மிஷன் தாளில் கையெழுத்துப் போட்டது நான். அங்கே அவனுடைய ஃபைலை ஒருமுறை பார்க்க முடிந்தது. "தனக்கு நோய் இல்லை என்கிறார். இன்சைட் இல்லை" என்று எழுதியிருந்தது. தன் நோயைத் தானே உணரும் தெளிவு இல்லை என்று அர்த்தம்.

இந்த வரி என்னை ரொம்ப நாள் தூங்க விடவில்லை. நோய் இருக்கிறது என்று சொன்னால் நோய் இருக்கிறது. இல்லை என்று சொன்னால், அது தெரியாத அளவுக்கு நோய் முற்றியிருக்கிறது. சர்க்கரை இல்லை என்று ஒருவர் சண்டை போட்டால் விரலைக் குத்திக் காட்டிவிடலாம். இவன் எதைக் காட்டித் தப்பிப்பான்? நோய் உண்மையிலேயே இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இல்லாத ஒருவனும் அந்த அறையில் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பான், ஃபைலில் இதே வரிதான் ஏறியிருக்கும்.

2014 தை மாதம் அப்பா போனார். மாரடைப்பு, ஒரே நாளில் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து அம்மா சாயங்காலம் நாலு மணிக்கு அப்பாவின் டம்ளரில் காபி ஆற்றித் திண்ணையில் அவர் உட்காரும் இடத்தில் வைக்க ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவார். வாழைக்குத் தண்ணி பாய்ச்சின கணக்கு, என் மாமியார் சொன்னது, கரண்ட் பில். சில நேரம் "சரிங்க" என்பார். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டால் சொல்லவும் செய்வார். வருஷத் திவசம் முடிந்தது. காபி நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "எப்படிப்பட்ட பொம்பளை பாரு" என்பார்கள்.

2015-ல் ஒரு சாயங்காலம் நான் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து திண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம், கோபமே இல்லாமல் கேட்டான்:

"அம்மா செத்துப் போனவர்கூடப் பேசினா பாசம். நான் பேசினா வியாதியா?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் ரத்தம் எடுக்கிறவள், தத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் இந்த ஒரு கேள்விக்காக அதற்குப் பிறகு பல ராத்திரி உட்கார்ந்து தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

முதலில் அம்மாவைத் தேடினேன். 1971-ல் வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற ஊர் டாக்டர், துணையை இழந்த 293 பேரிடம் கேட்டிருக்கிறார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதை உணர்ந்திருக்கிறார்கள், சிலர் பார்த்திருக்கிறார்கள், குரலைக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் அதை வெளியே சொன்னதே இல்லை. அது தங்களுக்கு ஆறுதலாக இருந்ததாகவும் பலர் சொன்னார்கள். பாதிப் பேருக்கு நடப்பதை நோய் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யவும் முடியாது. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கும்போலத் தெரிகிறது, அதனால் அது நோயில்லை என்றாகிவிடுமா?

அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேடு துக்கத்தை எப்படிப் பார்க்கிறது என்று பார்த்தேன். அங்கேயும் நிலையான கோடு இல்லை. 2013 வரைக்கும், இறப்புக்குப் பிறகு இரண்டு மாதம் வரையிலான சோகத்தைப் பொதுவாக மனச்சோர்வு நோய்க் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அந்த ஆண்டில் அந்த விலக்கை எடுத்தார்கள். 2022-ல் நீடித்த துக்கம் என்று ஒரு நோயையே சேர்த்தார்கள், பெரியவர்களுக்கு 12 மாதம் கடந்தால். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அதே துக்கத்துக்கு 6 மாதம். வருஷத் திவசத்தோடு அழுகையை முடித்துக்கொள் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதும் இதே கணக்குத்தான் என்று சிரித்துக்கொண்டேன். நியாயமாகச் சொன்னால், காலக் கணக்கு மட்டும் போதாது, அந்தத் துக்கம் ஆளை முடக்கியிருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அம்மா முடங்கவில்லை.

அடுத்து கிடைத்தவர் தாமஸ் சாஸ். புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்கா போனவர், அவரே மனநல மருத்துவர். மனநோய் என்று ஒன்று கிடையாது என்று 1961-ல் ஒரு புத்தகமே போட்டார். நோய் என்றால் உடம்பில் காட்ட வேண்டும். மனசுக்கு நோய் என்பது நாட்டுக்கு நோய் பிடித்திருக்கிறது என்று சொல்வதுபோல ஒரு பேச்சு வழக்கு. உண்மையில் அவை வாழ்க்கைச் சிக்கல்கள் என்பது அவர் வாதம். ஒரு லேப் ஆளுக்கு இதைவிடக் கவர்ச்சியான வாதம் இருக்க முடியாது. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றால் நோயில்லை என்றுதானே நானும் கற்றிருந்தேன்? மருத்துவத்தின் பெயரால் நடந்ததைப் பார்த்தாலும் அவர் பக்கம் சாயத் தோன்றும். 1851-ல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர், அடிமைகள் எஜமானனை விட்டு ஓடுவதை ஒரு மனநோய் என்று பெயர் வைத்து எழுதினார். சாட்டையடியும் அவர் சொன்ன வைத்தியத்தில் ஒன்று. ஒருபால் ஈர்ப்பு 1973 வரைக்கும் அமெரிக்கச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இருந்தது. எடுத்த முடிவை அடுத்த ஆண்டு உறுப்பினர்கள் வாக்குப் போட்டு உறுதி செய்தார்கள். வாக்குப் போட்டு ஒரு நோயை நீக்க முடியுமென்றால் அது என்ன நோய் என்று சாஸ் கட்சிக்காரர்கள் கேட்பார்கள்.

ஆனால் இந்த இடத்தில் என் தொழில்தான் என்னைத் தடுத்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 140-க்கு மேல் இருந்தால்தான் நீரிழிவு என்பது பழைய கணக்கு. 1997-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126 ஆகக் குறைத்தது. 130 இருந்தவர் ராத்திரி ஆரோக்கியமாகப் படுத்துக் காலையில் நோயாளியாக எழுந்தார். அவர் ரத்தத்தில் எதுவும் மாறவில்லை. ஒரு குழு உட்கார்ந்து, எந்த அளவுக்கு மேல் கண்ணும் சிறுநீரகமும் கெடுகிறது, எவ்வளவு கெட்டால் நமக்குப் பொறுக்காது என்று பார்த்துக் கோட்டை நகர்த்தியது. உடம்பின் நோயிலும் இப்படி மனிதர்களின் விருப்பு வெறுப்பு கலந்திருக்கிறது. எண் இருப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

விடிஆர்எல் எனக்கு இன்னொன்றையும் காட்டியது. அண்ணனுக்கு எழுதியபோது அவமானமாக இருந்தது, அது மேகப்புண் என்ற பால்வினை நோய்க்கான சோதனை அல்லவா. பிறகுதான் காரணம் தெரிந்தது. நூறு வருஷத்துக்கு முன் மனநலக் காப்பகங்களில் ஒரு கூட்டம் இருந்தது. தானே ராஜா என்பார்கள், பிறகு நடை தள்ளாடும், சாவார்கள். 1913-ல் நொகுச்சியும் மூரும் அவர்களுடைய மூளையில் மேகப்புண் கிருமியைக் காட்டினார்கள். பென்சிலின் வந்த பிறகு அந்த வார்டுகளே காலியாயின. வலிப்பும் இப்படித்தான் மனநோயிலிருந்து நரம்பியலுக்குப் போனது. காரணம் கிடைத்ததும் நோய் வேறு துறைக்கு வீடு மாறிவிடுகிறது. மிச்சம் இருப்பவைக்குத்தான் மனநோய் என்று பெயர். காரணம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்பதற்காக, கட்டிலுக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தவனிடம் உனக்கு நோயே இல்லை, வாழ்க்கைச் சிக்கல் என்று என்னால் சொல்ல முடியாது. சாஸ் அந்த ராத்திரிகளில் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்திருக்கிறேன். வேன் வந்த அன்று மட்டும் அவர் இருந்திருக்கலாம். ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராகத் தூக்கிப் போவதை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர் அவர்.

நடுவழி ஒன்றை ஜெரோம் வேக்ஃபீல்ட் 1992-ல் சொல்லியிருக்கிறார். உள்ளே ஏதோ ஒன்று தன் இயல்பான வேலையைச் செய்யத் தவறியிருக்க வேண்டும், அதனால் ஆளுக்குத் தீங்கும் வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மனநோய். எனக்குப் பிடித்த விளக்கம், ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. மனசின் எந்தப் பாகத்துக்கு என்ன வேலை என்று யாருக்குத் தெரியும்? துக்கத்தின் வேலை என்ன? அம்மாவின் காபி அதைச் செய்கிறதா, செய்யத் தவறுகிறதா?

கடைசியில் பதில், படித்ததிலிருந்து வரவில்லை. அண்ணனை அப்போது ஒரு அரசு மருத்துவமனையில் காட்டிக்கொண்டிருந்தோம். அங்கிருந்த டாக்டரம்மாவிடம், வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றுகொண்டிருக்கும்போது, அண்ணன் அதே கேள்வியைக் கேட்டுவிட்டான். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா பேசிட்டு எழுந்து போய் அடுப்பைப் பத்த வைக்கிறாங்க இல்லையா? உங்களுக்குக் கேக்கறது உங்களை எழுந்திருக்க விடுதா?"

"சிலது விடாது. ஒண்ணு மட்டும் சாப்பிடு சாப்பிடுன்னு சொல்லும்."

"அது யாரு?"

"எங்க அப்பாயி மாதிரி."

"அப்ப அது இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு மாத்திரை வேணாம். மத்ததுக்குப் பார்ப்போமா?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததை ஏழு வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். மாத்திரை அப்பாயியின் குரலை விட்டுவைத்து மற்றதை மட்டும் பிடிக்குமா என்றெல்லாம் அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் முதல்முறையாக அவன் தானாகவே மாத்திரையை எடுத்து வாயில் போட ஆரம்பித்தது அந்த வாரத்திலிருந்துதான்.

அப்பாயி விஷயம் எங்கள் வீட்டு அதிசயம் இல்லை என்று பிறகு தெரிந்தது. தான்யா லூர்மன் என்ற மானிடவியலாளர், சென்னை மருத்துவர்களோடு சேர்ந்து, சென்னையிலும் கானாவின் அக்ராவிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் குரல் கேட்கும் இருபது இருபது பேரிடம் பேசி 2015-ல் வெளியிட்டிருக்கிறார். அமெரிக்கர்கள் பெரும்பாலும் தங்களுக்குக் கேட்பதை மூளையின் கோளாறாகவும், வன்முறையாகவும் சொன்னார்கள். சென்னையில் பலருக்குக் கேட்டது உறவினர்களின் குரல். குளி, சமை, வீட்டைப் பெருக்கு என்று அதட்டும் குரல்கள். ஒரே நோயின் பெயர், மூன்று ஊர். குரல்கூட அந்தந்த வீட்டுக்காரர்களைப் போலவே பேசுகிறது.

அதிலிருந்து நான் அண்ணனிடம் "அப்படி யாரும் பேசலை, உன் கற்பனை" என்று சொல்வதை நிறுத்தினேன். ஆமாம் போடுவதும் இல்லை. "எனக்குக் கேக்கலைண்ணே. உனக்குக் கேக்குது. இன்னிக்கு பயமா இருக்கா, தொந்தரவா இருக்கா?" இவ்வளவுதான். ஒரு நோட்டில் அறிகுறி என்று எழுதாமல் நடந்ததை எழுதினோம்: எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை வேளை சாப்பிட்டான், வெளியே போனானா, குரல் என்ன சொன்னது. டாக்டருக்கு இரண்டு நிமிடம்தான் இருக்கும். அந்த நோட்டு மூன்றாவது நிமிடத்தை வாங்கிக் கொடுக்கும்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாம் பிரிவை நான் கதைபோலப் படித்தேன். ஒருவருடைய சாதி, மதம், வசதி, அரசியலை வைத்தோ, ஊர் வழக்கத்துக்கும் மத நம்பிக்கைக்கும் ஒத்துப் போகவில்லை என்பதை வைத்தோ மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. 1851-ன் சாட்டைக்கு ஒரு நாட்டுச் சட்டம் கொடுத்த பதில் மாதிரி இருந்தது. நோய் இருப்பதும், தன் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் இல்லாமல் போவதும் வேறு வேறு என்றும் சட்டம் பிரிக்கிறது. சொல்வது புரிந்து, விளைவு தெரிந்து, தன் முடிவைத் தெரிவிக்க முடிந்தால் முடிவு அவருடையது. "இன்சைட் இல்லை" என்ற வரியோடு எல்லாம் முடிந்துவிடாது.

தெளிவாக இருக்கும் காலத்திலேயே, பிறகு முடியாமல் போனால் எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எது கூடாது என்று எழுதி வைக்கலாம். முன்கூட்டிய அறிவுறுத்தல் என்கிறார்கள். அவசரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது, அதைத் தெரிந்துகொண்டே எழுதுங்கள். அண்ணன் எழுதியதில் மூன்று வரி எனக்கு மனப்பாடம். தெருவில் வைத்து ஊசி போடக் கூடாது. கண்ணாடியைக் கழற்றக் கூடாது. எதையும் சாப்பாட்டில் கலக்கக் கூடாது. தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கும் இடத்தில், என் பெயரைச் சொல்வான் என்று பேனாவோடு காத்திருந்தேன். மாமா மகன் பெயரைச் சொன்னான். "நீ கையெழுத்துப் போட்டவ பாப்பா" என்றான். நியாயம்தான். வலித்தது.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனது இதற்கு நேர் எதிரான அனுபவம். 2016 சட்டத்தில் மனநோயும் 21 வகைகளில் ஒன்று, 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். தன்னைப் பார்த்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று தலைப்புக்கு இவ்வளவு மதிப்பெண். போர்டுக்குப் போகும் நாளில் அண்ணன் குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான். மாமா பதறினார்: "இப்படிப் போனா ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிடுவான்டா." அண்ணன் கேட்டான், "நான் பைத்தியமா நடிக்கணுமா?" பட்டறைக்கு வேலை கேட்டுப் போனால் எதுவும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும், இங்கே இருக்கிறது என்று. நடிக்க வேண்டாம், நோட்டைக் காட்டினோம். ஒரு நல்ல நாளை வைத்து முடிவு செய்ய வேண்டாம், போன ஆறு மாதத்தைப் பாருங்கள் என்று கேட்டோம். கிடைத்தது. போகிறவர்கள் பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் தாள், இப்படி ஒரு நோட்டு, எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள்.

மரபணு பற்றிய பேச்சு எனக்கு இரண்டு பக்கமும் வெட்டியது. மூளை, மரபு என்று டாக்டர் விளக்கியதும், நான் வளர்த்தது சரியில்லையோ என்று அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். அதே விளக்கத்தை வைத்து என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீடு திரும்பிப் போனது. உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு நூற்றில் பத்துக்குள்தான், தொண்ணூறு வராமலும் போகலாம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? மூன்றாவதாக வந்தவரிடம் நானே முதலில் சொன்னேன். அவர் தன் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார். அந்தச் சித்தப்பா பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் போடவில்லை என்பதைக் கவனித்தேன், அண்ணன் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று சண்டை பிடித்தேன்.

2019-லிருந்து அண்ணனுக்கு க்ளோசபின். மற்ற மருந்துகள் போதாதபோது கொடுப்பது. வெள்ளணுக்களைக் குறைத்துவிடும் ஆபத்து இருப்பதால் முதல் 18 வாரம் வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், பிறகு இடைவெளி விட்டு. அந்த நோய்க்கு ஒரு சோதனையும் இல்லாமல் தவித்தவளுக்கு, கடைசியில் மருந்துக்கு ஒரு சோதனை கிடைத்தது. வாராவாரம் லேப்புக்கு வருவான், நானே எடுப்பேன், எண்ணைச் சொல்லுவேன். இந்த மருந்தை எடுப்பவர் வீட்டில் திடீரென்று காய்ச்சல், தொண்டை வலி வந்தால் ஒருநாளும் தள்ளிப் போடாமல் ரத்தம் பாருங்கள். தானாக நிறுத்தவும் வேண்டாம். எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், டாக்டர் எழுத மறந்தாலும் கேட்டு வாங்குங்கள். நடுராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு 14416 என்ற அரசு எண் இருக்கிறது, தமிழில் பேசலாம். எங்களுக்கு 2008-ல் அது இல்லை.

இப்போது காலையில் இரண்டு மணி நேரம் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். குரல்கள் குறைந்திருக்கின்றன, போகவில்லை. அப்பாயி மட்டும் தவறாமல் வருகிறார்.

போன மாதம் அவனுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.6 வந்தது. முந்தின முறை 6.7. வீட்டில் அவனுக்குச் சர்க்கரை இல்லாத காபி, சாதத்தையும் அம்மா அளந்துதான் போடுகிறார். மாத்திரைதான் காரணம் போல என்று டாக்டருக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரில் இருந்தபோது விஷயம் தெரிந்தது. நாலு மணிக்கு அம்மா வழக்கம்போல அப்பாவின் டம்ளரில் காபி வைத்தார். இரண்டு கரண்டி சர்க்கரை, அப்பாவுக்கு எப்போதும் அதுதான். பேசி முடித்து உள்ளே போனார். அண்ணன் திண்ணையில் போய் உட்கார்ந்து, டம்ளரை எடுத்து, நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தான்.

"அண்ணே, என்ன பண்றே?"

"அப்பா வேணாம்னுட்டாரு" என்றான்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அவர் எப்பவும் பாதிதான் குடிப்பாரு. மீதியை அவனுக்குத்தான் கொடுப்பாரு. விடு பாப்பா."

சீட்டில் எழுதியதை அடித்துவிட்டு, காபி என்று எழுதினேன்.